முன்னோர் சொன்னதும் சொல்லாது விட்டதும்

நூலொன்று இயற்றப் புகுவோன், தான் எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றித் தனக்கு முன் யார் யார் என்னென்ன கூறினர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அறிந்ததை அவையோர் முன் வைத்த பின்னரே தன் கருத்தைச் சொல்லத் தொடங்குதல் வேண்டும். இஃது ஏதோ மேனாட்டார் நமக்குக் கற்பித்த புது வழக்கம் என்று எண்ணுவோர் பலர். தொல்காப்பியத்தை ஒருமுறையேனும் புரட்டியவர்கள் அவ்வாறு எண்ணார். ‘இங்ஙனம் கூறுவர் புலவர்’ என்னும் பொருள்தரும் ‘என்ப’ என்ற சிறு சொல் அந்நூலில் எத்தனை இடங்களில் வருகின்றது! தமிழுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலே, தனக்கு முன்னும் இலக்கணம் சொன்னோர் இருந்தனர் என்று பணிவோடு சொல்லிக்கொண்டு செல்கின்றது.

அப்பணிவுக்கு இன்றைய பல்கலைக்கழகங்கள் தந்துள்ள பெயர்கள் பல. ‘இலக்கிய மீளாய்வு’ என்பர் சிலர். ‘ஆய்வு முன்னோடிகள்’ என்பர் வேறு சிலர். முதற்பெயரில் வரும் ‘இலக்கியம்’ என்னும் சொல் பலரை மயங்கச் செய்வது. பௌதிகம் பயிலும் மாணவனும் மருத்துவம் பயிலும் மாணவியும் இதனை எழுதியே தீர வேண்டும். அவர்கள் சிலப்பதிகாரத்தையா ஆராயப் போகின்றார்கள்? ஒரு துறையில் அதுகாறும் எழுதப்பெற்றவை அனைத்தும் ஈண்டு இலக்கியம் எனப்படுகின்றன. ஆதலின் ‘முன்னாய்வு மதிப்பீடு’ என்னும் தொடரையே யாம் இக்கட்டுரையில் மேற்கொள்வோம். பெரும்பாலும் ஆய்வேட்டின் இரண்டாம் இயலாக அமையும் அப்பகுதியை, ஐதராபாத் நகரில் ஆய்வு மாணவராக இருந்து எழுதிய காலத்தில் யாம் கற்றவற்றை, அயல் மண்ணில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் முன் வைக்க விரும்புகின்றோம். அது மாணவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று என்பது போகப் போக விளங்கும்.

பேகம்பேட்டை தரும் சான்று

முன்னோரைக் கற்பதால் ஆவதென்ன என்று வினவுவோர்க்கு ஐதராபாத்தே விடை கூறும். செகந்திராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், ரொனால்டு ராஸ் என்னும் படை மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து, அதனுள் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அக்கண்டுபிடிப்புக்காக 1902ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவும் பள்ளிச் சிறுவரும் அறிந்ததே.

ஆயின் ராஸ் கொசுவை ஏன் அறுத்தார்? 1880ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பணியாற்றிய லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் குருதியில் அக்கிருமியைக் கண்டு எழுதியிருந்தார். யானைக்கால் நோய்க்குரிய புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனத்தில் பணியாற்றிய காலத்தில் மான்சன் கண்டறிந்திருந்தார். அவ்விரண்டையும் இணைத்து நோக்கிய மான்சன், மலேரியாவும் கொசுவின் வழியே செல்லக்கூடும் என்று 1894இல் இலண்டனில் ராஸிடம் கூறினார். அதன்பின் ராஸ் பல கொசுக்களை அறுத்து ஏமாந்தார். ஏமாந்த ஒவ்வொரு முறையும் எவ்வகைக் கொசுவில் கிருமி இல்லை என்பது உறுதியாயிற்று. இறுதியில், சிறகில் புள்ளிகளையுடைய வேறொரு வகைக் கொசு கைக்கு வந்தபோது, எதைத் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லவரானையும் மான்சனையும் அறியாத ஒருவர் அதே கொசுவை அதே கண்ணாடியில் வைத்துப் பார்த்திருந்தாலும் ஒன்றையும் கண்டிரார். முன்னாய்வு மதிப்பீட்டின் பயன் இதுதான்: எங்கே பார்க்க வேண்டும் என்பதை அது காட்டும், எங்கே பார்த்துப் பயனில்லை என்பதையும் காட்டும்.

எம் பொருளும் எம் நூலகங்களும்

யாம் எடுத்துக்கொண்ட பொருள் செகந்திராபாத்துத் தமிழரின் குடியேற்றம். 1798ஆம் ஆண்டில் நிசாமுக்கும் ஆங்கிலக் கும்பினியாருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரின் துணைப்படை இங்கே நிலையாகத் தங்கிற்று. அப்படை தங்கிய பாளையத்துக்கு 1806ஆம் ஆண்டில் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என்னும் பெயர் அமைந்தது. சென்னைப் படையினரோடு சென்னை மாகாணத்து மக்களும் வந்தனர். பண்டம் தருவோர், கணக்கெழுதுவோர், கட்டடம் எழுப்புவோர் எனப் பலர் வந்தனர். 1874இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு இருப்புப்பாதை வந்த பின்னர் இரயில்வேத் தொழிலாளர் வந்தனர். நாடு விடுதலை பெற்றபின் வந்தோர் வேறொரு தலைமுறையினர். 1961இல் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், 1966இல் தென்மத்திய இரயில்வே, 1967இல் மின்னணுக் கழகம் என்று ஒவ்வொன்றும் தோன்றுந்தோறும் தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கின. எம் குடும்பமும் அங்ஙனம் இறங்கியவற்றுள் ஒன்று.

படிப்பதற்கு ஏற்ற நகரம் ஐதராபாத். 1918ஆம் ஆண்டில் தோன்றிய உசுமானியாப் பல்கலைக்கழகம், உருது மொழியில் உயர்கல்வி தர முனைந்த பல்கலைக்கழகமாகும். அதற்கெனப் பிறமொழி நூல்களை உருதுவில் பெயர்க்க 1917இலேயே ஒரு மொழிபெயர்ப்புத் துறையை நிறுவினர். உலகம் எழுதியதைத் தம் மொழியில் படித்த பின்னரே தாம் எழுத வேண்டும் என்னும் எண்ணத்தின் மேல் எழுந்தது அக்கலைக்கோயில். 1939இல் திறக்கப்பெற்ற கலைக் கல்லூரியின் கருங்கல் மாளிகையைக் காணுந்தோறும் இந்நினைவு எமக்கு எழும். அவ்வளாகத்தில் 1964ஆம் ஆண்டு அமைந்த அமெரிக்கவியல் ஆய்வு மையத்துக்கு அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஆய்வு மாணவர்கள் வந்து, வாரக்கணக்கில் தங்கிப் படித்துச் செல்வர். முன்னாய்வு மதிப்பீடு எழுதுவதற்கென்றே நூற்றுக்கணக்கான கல் தொலைவு பயணம் செய்து வந்தவர்கள் அவர்கள்.

எமக்கு வாய்த்தவை வேறு நூலகங்கள். மூசி ஆற்றங்கரையில் அப்சல்கஞ்சில் விளங்கும் அரசு மைய நூலகம், 1891இல் ஆசபியா நூலகமாகத் தோன்றியது. தார்நாக்காவில் உள்ள அரசு ஆவணக் காப்பகம் முகலாயர் காலத்துப் பாரசீக ஏடுகளையும் காத்து வைத்திருப்பது. ஞாயிறுதோறும் அபிட்ஸ் நடைபாதையில் பரப்பப்படும் பழைய நூல்களின் கடைகளும் ஒரு நூலகமே; அங்கே பட்டியலும் இல்லை, நூலகரும் இல்லை என்பதே வேற்றுமை. ஒரு நூலுக்கு ஓர் அட்டை என்று எழுதி, ஆசிரியர் பெயர், ஆண்டு, அவர் எழுப்பிய வினா, கண்ட விடை, அவ்விடைக்கு அவர் காட்டிய சான்று ஆகிய ஐந்தையும் குறித்து, செருப்புக்கடை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்தோம். ஐந்தாவதாகிய சான்றே தலையாயது என்பார் எம் நெறியாளர். அவர் தெலுங்கர், தமிழ் அறியார். எனினும் தமிழரைப் பற்றிய எம் ஆய்வுக்கு அவரே பெருந்துணையாக நின்றார்.

நன்னூல் தந்த ஏழு வழிகள்

படித்தவற்றை எப்படி எழுதுவது? இன்னார் இவ்வாண்டில் இவ்வாறு கூறினார், அடுத்து இன்னார் இவ்வாறு கூறினார் என்று அடுக்கினால் அது நூற்பட்டியலாகுமே தவிர மதிப்பீடாகாது. நெறியாளர் எம்மிடம், “உங்கள் மொழியில் உரையாசிரியர்கள் மிகுதி என்பார்களே, அவர்கள் இதற்கு விதி செய்யவில்லையா?” என்று ஆங்கிலத்தில் வினவினார். அவ்வினா எம்மை நன்னூலிடம் கொண்டு சேர்த்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகின்றார். அதனோடு அமையாது, நூலாசிரியன் பிறர் கொள்கைகளின்பால் மேற்கொள்ளத்தக்க நிலைகள் ஏழு என்கின்றார். அவற்றை எம் சொற்களில் கூறுவோம்: பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு சென்று பின்னர்க் களைதல், தானே ஒரு கருத்தை நாட்டி அதனை நிலைபெறச் செய்தல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டுதல், எவரோடும் சாராது தன் கொள்கையைக் கொள்ளுதல். ஆய்வு முறை பற்றி அந்நாளில் யாம் படித்த தடித்த ஆங்கில நூல்களில் இதனினும் தெளிவாக இச்செய்தியைக் கண்டிலோம். எம் அட்டைகளின் மூலையில் ஒன்று முதல் ஏழுவரை எண்ணிட்டோம். இரண்டாம் இயலுக்கு உருவம் வந்துவிட்டது.

இவ்வேழனுள் கடினமானது எது? மறுத்தல்தான் என்று இளைஞர் நினைப்பர். பெரியோர் சொல்லைத் தட்டாதே என்று வளர்க்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது கடினமே. ஆனால் நம் உரையாசிரியர்கள் அதற்கும் வழி காட்டியுள்ளனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முன் உரை கண்ட இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கின்றார். மறுக்கும்போதும் அவரை ‘உரையாசிரியர்’ என்றே குறிக்கின்றார். கருத்தை மறுத்தல் வேறு, கருத்துடையாரை இகழ்தல் வேறு என்பதை இதனினும் நயமாக எவர் கற்பிக்க வல்லார்?

எம் அனுபவத்தில் உண்மையில் கடினமானது உடன்படுதலே. ஒரு நூலாசிரியர் பெரியவர் என்பதற்காக உடன்படுவது எளிது. அவர் காட்டிய சான்றை யாமும் தேடிப் பார்த்து, அது நிற்கின்றது என்று கண்டபின் உடன்படுவதே உடன்பாடு. அதற்கு நாள்கள் செல்லும்.

ஏடுகளின் மௌனம்

நிசாம் அரசைப் பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1861இல் பிரிக்ஸ் என்பார் நிசாமுக்கும் ஆங்கிலேயருக்கும் இருந்த உறவை எழுதினார். சையது உசேன் பில்கிராமியும் வில்மாட்டும் 1883, 1884ஆம் ஆண்டுகளில் நிசாம் நாட்டின் வரலாற்றையும் வருணனையையும் இரு தொகுதிகளாக வெளியிட்டனர். 1974இல் லிண்டனும் மோகினி ராஜனும் ஆறாம் நிசாம் மகபூப் அலிகானின் காலத்தைச் சுவைபட எழுதினர். இவற்றில் யாம் தேடிய தமிழர் எங்கே? படையோடு வந்தோர், பாளையத்துக்குப் பண்டம் தந்தோர் என்ற தொகைச் சொற்களுக்குள் ஒளிந்துகொண்டிருந்தனர். அவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை, தெருவில்லை.

எம் கண்ணைத் திறந்தது 1978இல் வெளிவந்த ஒரு நூல். கரென் லெனார்டு என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஐதராபாத்துக் காயஸ்தர்களின் சமூக வரலாற்றை எழுதியிருந்தார். அவர்களும் வடக்கிலிருந்து குடிபெயர்ந்து வந்தோரே. ஆயினும் அவர்கள் நிசாம் அரசின் கணக்கையும் ஆவணங்களையும் எழுதி வந்த மரபினர். குடும்பங்களின் வழிமுறைப் பட்டியல்களையும் திருமண உறவுகளையும் கொண்டு, தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்வை அந்நூலாசிரியரால் எழுத முடிந்தது. அதைப் படித்து முடித்தபோது எமக்கு மகிழ்ச்சியும் ஏக்கமும் ஒருங்கே உண்டாயின. எழுதி வைத்த குடியினருக்கு வரலாறு கிடைத்தது, நம்மவருக்கு?

நம்மவர் எழுதாதவர் அல்லர். அவர்கள் எழுதியதும் அவர்களைப் பற்றி எழுதியதும் சிதறிக் கிடக்கின்றன என்பதே உண்மை. செகந்திராபாத் நிசாமின் நாட்டுக்குள் இருந்தும் ஆங்கிலேயரின் பாளையமாக ஆளப்பட்டது. அதனால் அதன் ஏடுகளுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், ஒரு பகுதி புதுதில்லியிலும், ஒரு பகுதி இலண்டனிலும் உள்ளன. ஐதராபாத் வரலாற்றை எழுதுவோர் பாரசீகம், உருது, தெலுங்கு கற்றனர். தமிழைக் கற்க அவர்களுக்குக் காரணமில்லை. தமிழக வரலாற்றை எழுதுவோர் சென்னை மாகாணத்தின் எல்லையோடு நின்றனர். அதைத் தாண்டிச் சென்ற குடும்பங்களைத் தொடர்ந்து செல்ல அவர்களுக்கும் காரணமில்லை. இரு வேலிகளுக்கும் நடுவே விழுந்த நிலத்தை உழுவோர் யார்? அத்தகைய நிலத்தைக் கண்டு சொல்வதே முன்னாய்வு மதிப்பீட்டின் முடிந்த பயன். பிறர் சொன்னதைத் தொகுப்பதோடு அது நிற்பதில்லை. யாரும் சொல்லாது விட்டதையும், விட்டதற்குரிய காரணத்தையும் அது காட்ட வேண்டும்.

பத்மராவ் நகரில் முதியவர் ஒருவரை அடிக்கடி சென்று காண்போம். நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழும் குடும்பத்தினர். யாம் நூலகங்களில் படித்தவற்றை ஆர்வத்தோடு கேட்பார். ஒருநாள், “ஏன் தம்பி, இவ்வளவு புஸ்தகம் படிக்கிறீங்களே, எதிலேயாவது எங்க தாத்தா பேரு வருதா?” என்றார். “இல்லை ஐயா” என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அவர் நெதம் கணக்கு எழுதுவார். வீடு மாறினப்போ எடைக்குப் போட்டுட்டாங்க” என்றார். எந்த நூலகத்திலும் யாம் பெறாத பாடம் அது. ஒரு குடியின் வரலாற்றில் இடைவெளி விழுவதற்குப் படையெடுப்பும் பெருவெள்ளமும் தேவையில்லை. வீடு மாற்றும் ஒரு நாளே போதும்.

மலர்கள் சான்றாகுமா?

அம்முதியவர் தம் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தவை, பழைய சங்க மலர்கள் சிலவும் கோயில் குடமுழுக்கு மலர் ஒன்றும். வாழ்த்துரைகளுக்கும் பட்டுச்சேலை விளம்பரங்களுக்கும் நடுவே, ‘எம் பாட்டனார் இவ்வூர் வந்த கதை’ என்பது போன்ற கட்டுரைகள் அவற்றில் இருந்தன. அவற்றை ஆய்வேட்டில் எடுத்துக்காட்ட முற்பட்டோம். துறைக் கருத்தரங்கில் மூத்த அறிஞர் ஒருவர் கடுமையாக மறுத்தார். “விளம்பரத்தைத் தாங்கி வரும் மலர்களும் ஆய்வு நூல்களாகுமா? இவற்றை ஏற்றால் ஆய்வேட்டின் தரம் என்னாவது?” என்றார். அவர் வினாவில் நியாயம் இருந்தது. பேரன் தன் பாட்டனைப் புகழாது வேறு யார் புகழ்வார்?

எம் நெறியாளர் அமைதியாக மறுமொழி கூறினார்: “இதே புகழ்ச்சி செப்பேட்டில் இருந்திருந்தால் நாம் எழுந்து நின்று வணங்கியிருப்போம். அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியை நம்பாமலும் விடாமலும் படிக்கக் கற்றவர்கள் நாம். இதையும் அப்படியே படிப்போம்.”

அன்றைய சொற்போரின் முடிவில் ஒரு தெளிவு பிறந்தது. முன்னாய்வு வேறு, மூலச்சான்று வேறு. சான்றுகளை நிறுத்துப் பார்த்து முடிவு கூறும் எழுத்து முன்னாய்வாகும். அது இரண்டாம் இயலுக்கு உரியது. தான் கண்டதையும் கேட்டதையும் சொல்லும் எழுத்து சான்றாகும். அதனை நிறுத்துப் பார்க்க வேண்டியவன் ஆய்வாளன். ஒரே மலரில் இரண்டும் உண்டு. அவ்வாறு பிரித்துக்கொண்டபின், சில கட்டுரைகள் இரண்டாம் இயலில் இடம் பெற்றன. பெரும்பாலானவை சான்றுகள் பற்றிய இயலுக்குச் சென்றன. கோயிற் கல்வெட்டோடும் பள்ளிச் சேர்க்கை ஏட்டோடும் மக்கள்தொகைக் கணக்கின் தாய்மொழி அட்டவணைகளோடும் அவற்றை ஒப்பிட்டு, பொருந்தியவற்றைக் கொண்டோம். மறுத்த அறிஞரும் அம்முறைக்கு உடன்பட்டார். மறுத்துப் பின் உடன்பட்ட அவரிடமிருந்து யாம் கற்றது, துணை நின்றவர்களிடம் கற்றதைவிடக் குறைவன்று.

நாம் செய்யத்தக்கது

தமிழ் நூல்களைத் தேடுவோருக்கு வழிகாட்டிகள் உண்டு. மர்டாக்கு 1865இலேயே அச்சிட்ட தமிழ் நூல்களுக்கு வகைப்படுத்திய பட்டியல் ஒன்றை வெளியிட்டார். தனிநாயக அடிகளார் 1966இல் கோலாலம்பூரிலிருந்து தமிழாய்வுக்குரிய வழிகாட்டி நூலொன்றைத் தந்தார். ஆனால் புலம்பெயர்ந்த குடும்பத்தின் கடிதக் கட்டையும், கோயில் வரவு செலவு ஏட்டையும், திருமண அழைப்பிதழையும் எந்தப் பட்டியலார் வந்து தேடுவார்? அவற்றைக் காக்க வேண்டியவர் அவற்றை உடையவரே. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, பிறர் பயனற்றவை என்று கழித்த அச்சுத் தாள்களையும் அரிய நூல்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. இன்று அது சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகமாக விளங்குகின்றது. உலகெங்கிலுமிருந்து தமிழாய்வாளர் அங்கே வருகின்றனர். தனியொருவர் செய்தது அது. ஒரு சங்கம் முயன்றால் செய்ய இயலாததா?

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்கு யாம் வேண்டிக்கொள்வன மூன்றே. ஒன்று: உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், என்ன வேலைக்காக இவ்விடம் வந்தது என்பதை ஒரே பக்கத்திலேனும் எழுதி, எழுதியவர் பெயரும் நாளும் இடுங்கள். இரண்டு: நிழற்படங்களின் பின்புறத்தில் அதில் உள்ளோர் பெயரை மெல்லிய எழுதுகோலால் குறித்து வையுங்கள், பெயரறிந்த கடைசி மனிதர் மறைந்தபின் அப்படம் வெறும் தாளே. மூன்று: சங்க மலர்களில் இரண்டு படிகளைச் சங்க அலுவலகத்திலும், ஒன்றை ஊர்ப் பொது நூலகத்திலும் சேர்த்துவிடுங்கள். வீடு மாற்றும் நாளில் எடைத் தராசுக்குத் தப்பியது எதுவோ, அதுவே நாளை சான்றாகும்.

தொல்காப்பியர் ‘என்ப’ என்று கூற, அவருக்கு முன் சொன்னோர் இருந்தனர். நம் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் என்றேனும் ஒரு நூலகத்தில் அமர்ந்து, அயலூரில் குடியேறிய தமிழரைப் பற்றித் தம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எழுதத் தொடங்குவார். அவரும் ‘என்ப’ என்று எழுத வேண்டுமானால், இன்று நாம் ஏதேனும் சொல்லி வைத்திருக்க வேண்டும். உடன்படுவதோ மறுப்பதோ அவர் விருப்பம். எழுதி வைப்பது நம் கடன்.